விசிறி ஏன் இரைகிறது?

சென்ற மாதம் ஒரு நாள் இரவு அக்கா வீட்டில் தங்க நேர்ந்தது. கூடத்தில் எல்லோரும் படுத்துவிட்டார்கள். அக்கா மகன் மட்டும் மூலையில் மெத்தைமீது மடிக்கணினியை வைத்துக்கொண்டு, பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியல் செயல்முறைப் பதிவேட்டுக்கு வரைபடங்கள் போட்டுக்கொண்டிருந்தான். எட்டு வயதான கணினி அது. சிறிது நேரத்தில் அதன் உள்ளிருந்து ஓர் இரைச்சல் கிளம்பியது. தொலைவில் மாவு மில் ஓடுவதைப் போன்ற சத்தம்.

என் அம்மா புரண்டு படுத்தார். "அந்த மிஷினை நிறுத்துடா, கண்ணை மூட முடியலே."

"இதோ பாட்டி" என்று அவன் ஏதோ இரண்டு விசைகளைத் தட்டினான். இரைச்சல் அடங்கிவிட்டது. எப்படி என்று கேட்டேன். விசிறியின் வேகத்துக்கு வரம்பு கட்டும் மென்பொருள் ஒன்றை எங்கிருந்தோ எடுத்துப் போட்டிருக்கிறான். "பாதி வேகத்துக்கு மேலே போகாதபடி பூட்டிட்டேன் மாமா" என்றான் பெருமையாக.

கால் மணி நேரத்தில் திரையில் அம்புக்குறி தயங்கித் தயங்கி நகரத் தொடங்கியது. இன்னும் சிறிது நேரத்தில் திரை கறுத்து, கணினி தானாகவே அணைந்துவிட்டது. சேமித்து வைக்காத ஆறு வரைபடங்களும் போயின. அடிப்பக்கம் கையை வைத்தேன். வைத்த வேகத்திலேயே எடுத்துவிட்டேன். முன்பே ஒரு கடையில் காட்டியபோது, "போர்டே போச்சு, புதுசு வாங்கிடுங்க" என்றார்களாம். புதியது வாங்குவதற்கு அக்கா வீட்டில் அப்போது வசதியில்லை. பொதுத்தேர்வுக்கோ நாள் நெருங்கிக்கொண்டிருந்தது.

விசிறி இரைந்தது நோயன்று, நோயின் அறிகுறி. காய்ச்சல்மானியை உடைத்துவிட்டுக் காய்ச்சல் போய்விட்டது என்று சொல்லலாமா? அந்தக் கணினிக்கு நடந்தது அதுதான். அப்படியானால் உண்மையான நோய் எது? அதைக் கண்டுபிடிக்க, வெப்பம் எங்கே பிறக்கிறது, எந்த வழியாக வெளியே போகிறது என்று ஒருமுறை நடந்து பார்க்க வேண்டும்.

இஸ்திரிப் பெட்டியும் சிலிக்கன் சில்லும்

கணினியின் மூளை என்று நாம் சொல்லும் செயலி, ஒரு சிறு சிலிக்கன் சில்லு. கட்டைவிரல் நகத்தளவே இருக்கும் அதில் நூறு கோடிக்கும் மேற்பட்ட டிரான்சிஸ்டர்கள் உள்ளன. ஒவ்வொன்றும் மிகமிகச் சிறிய ஒரு மின்தேக்கியை மின்னேற்றுவதும் மின்னிறக்குவதுமாக, ஒரு வினாடியில் 200 கோடி தடவைக்கு மேலும் இயங்க வல்லது. ஒவ்வொரு தடவையும் சிறிதளவு ஆற்றல் வெப்பமாகிறது. இப்படிச் செலவாகும் திறன், மின்னழுத்தத்தின் இருமடிக்கும் அதிர்வெண்ணுக்கும் நேர்விகிதத்தில் இருக்கும். வேலை கூடினால் வெப்பமும் கூடும்.

மெல்லிய மடிக்கணினி ஒன்றின் செயலி சுமார் 15 வாட் செலவிடுகிறது. "பதினைந்து வாட்தானா? வீட்டுக் குண்டு பல்பைவிடக் குறைவாயிற்றே!" என்று நீங்கள் நினைக்கலாம். ஆனால் அந்த வெப்பம் எவ்வளவு இடத்திலிருந்து வருகிறது என்று பாருங்கள். சில்லின் பரப்பு 1.2 சதுர சென்டிமீட்டர் என்று கொண்டால், ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 12.5 வாட். வீட்டிலுள்ள 750 வாட் இஸ்திரிப் பெட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் அடித்தகட்டின் பரப்பு ஏறக்குறைய 150 சதுர சென்டிமீட்டர். ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 5 வாட்தான் வருகிறது! துணி தேய்க்கும் பெட்டியைவிட இரண்டரை மடங்கு செறிவான வெப்பம், விரல் நகத்தளவு இடத்திலிருந்து ஓயாமல் வந்துகொண்டிருக்கிறது. சில்லு 95 முதல் 100 டிகிரி செல்சியசை நெருங்கினால், தன்னைக் காத்துக்கொள்வதற்காகத் தன் அதிர்வெண்ணைத் தானே குறைத்துக்கொள்ளும்; அம்புக்குறி தயங்கியது அதனால்தான். அப்படியும் சூடு ஏறினால் கணினி அணைந்துவிடும்.

வெப்பம் போகும் வழி

சில்லின்மேல் ஒரு செப்புத் தகடு அழுத்தி வைக்கப்பட்டிருக்கும். இரண்டும் கண்ணுக்கு வழவழப்பாகத் தெரிந்தாலும், நுண்ணோக்கியில் மேடும் பள்ளமுமாகவே இருக்கும். பள்ளங்களில் காற்று நிற்கும். காற்றின் வெப்பக் கடத்துத்திறன் 0.026 என்றால் செம்பின் கடத்துத்திறன் ஏறக்குறைய 400 (அலகு: வாட்/மீட்டர்–கெல்வின்). ஆகவே அந்தப் பள்ளங்களை ஒருவகைப் பசையால் நிரப்புகிறார்கள். பசையின் கடத்துத்திறன் ஏறத்தாழ 5. செம்போடு ஒப்பிட்டால் இது அற்பம்தான். காற்றோடு ஒப்பிட்டாலோ கிட்டத்தட்ட இருநூறு மடங்கு.

இதோ ஓர் எளிய கணக்கு. சில்லுக்கும் தகட்டுக்கும் இடையே ஒரு தாளின் தடிமன், அதாவது 0.1 மில்லிமீட்டர், இடைவெளி இருப்பதாகக் கொள்வோம். அதன் வழியே சதுர சென்டிமீட்டருக்கு 12.5 வாட் செல்ல வேண்டும். இடைவெளியில் பசை இருந்தால், இரு பக்கங்களுக்கும் இடையே வேண்டிய வெப்பநிலை வேறுபாடு 2.5 டிகிரி. அதே இடத்தில் வெறும் காற்று இருந்தால்? 480 டிகிரி! பாடநூலில் உள்ள வெப்பக் கடத்தல் சமன்பாட்டில் எண்களை இட்டு நீங்களே சரிபார்க்கலாம். உண்மையில் இடைவெளி முழுவதும் காற்றாகிவிடுவதில்லை. பல ஆண்டுகள் சூடேறியும் ஆறியும் பசை உலர்ந்து வெடித்து, அங்கங்கே ஒதுங்கும்போது, இந்த இரண்டு எண்களுக்கு நடுவில் எங்கோ நாம் நிற்கிறோம்.

அடுத்து வருவது என் மனத்துக்கு மிகவும் பிடித்த பகுதி. செப்புத் தகட்டிலிருந்து தட்டையான ஒரு செப்புக் குழாய் கணினியின் ஓரம்வரை செல்லும். வெறும் செப்புக் கம்பி என்றுதான் பலரும் நினைப்பார்கள். அன்று, அது உள்ளீடற்றது. காற்றை வெளியேற்றிவிட்டு, உள்ளே சிறிதளவு நீரை மட்டும் விட்டு மூடியிருப்பார்கள். அழுத்தம் மிகக் குறைவாக இருப்பதால், அடுப்பில் 100 டிகிரியில் கொதிக்கும் நீர் இங்கே மிதமான சூட்டிலேயே ஆவியாகும். ஆவி குளிர்ந்த முனைக்கு ஓடி, அங்கே நீராகி, தன் உள்ளுறை வெப்பத்தைக் கொடுத்துவிடும். திரும்பி வருவது எப்படி? குழாயின் உட்சுவரில் செப்புத்துகள்களாலான ஒரு நுண்துளைப் படலம் இருக்கிறது. அகல் விளக்கில் திரி எண்ணெயை இழுப்பதைப்போல அது நுண்புழைக் கவர்ச்சியால் நீரை மறுபடியும் சூடான முனைக்கு இழுத்து வந்துவிடும். பம்பும் இல்லை, மின்சாரமும் வேண்டாம். இதற்கு வெப்பக்குழாய் என்று பெயர். இக்கருத்துக்கு 1944இலேயே அமெரிக்காவில் ரிச்சர்ட் காக்லர் என்பவருக்குக் காப்புரிமை வழங்கப்பட்டது. யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 1963இல் லாஸ் அலமோஸ் ஆய்வகத்தில் ஜார்ஜ் குரோவர் இதைத் தனியாகக் கண்டறிந்து செய்து காட்டிய பிறகே உலகம் கவனித்தது. விண்கலங்களுக்கென வளர்ந்த அந்தக் குழாய்தான் இன்று நம் மடியில் கிடக்கிறது.

ஒரு கிராம் நீர் ஆவியாக ஏறக்குறைய 2400 ஜூல் வேண்டும். ஆகவே 15 வாட்டைச் சுமக்க வினாடிக்கு ஆறு மில்லிகிராம் நீர் ஆவியானால் போதும்.

குழாயின் மறுமுனையில் மெல்லிய உலோகத் தகடுகள் சீப்புப் பற்களைப்போல நெருக்கமாக நிற்கும். ஒன்றுக்கொன்று இடைவெளி ஒரு மில்லிமீட்டர் அளவே. விசிறி ஊதும் காற்று இவற்றின் நடுவே புகுந்து வெப்பத்தை வாரிக்கொண்டு வெளியேறுகிறது. 15 வாட் வெப்பத்தை ஏற்று, காற்று 15 டிகிரி மட்டும் சூடேற வேண்டுமானால், வினாடிக்கு ஒரு கிராம் காற்று தேவை. கன அளவில் ஒரு லிட்டருக்குச் சற்றுக் குறைவு. உள்ளே வரும் காற்றே 36 டிகிரி என்றால்? 26 டிகிரி அறையில் இருப்பதைவிடச் சில்லு ஏறக்குறைய அந்தப் பத்து டிகிரி கூடுதலாகத்தான் இருக்கும். சித்திரை, வைகாசியில் விசிறி அதிகம் கத்துவதற்கு வேறு மர்மம் எதுவும் இல்லை.

சத்தத்தின் கணக்கு

தகடுகளின் இடைவெளியில் தூசி படிந்தால் காற்றின் வழி குறுகும், வெப்பம் தேங்கும், வெப்பநிலையை அளந்துகொண்டே இருக்கும் கணினி, விசிறியை இன்னும் வேகமாகச் சுற்றச் சொல்லும். விசிறி தள்ளும் காற்றின் அளவு வேகத்துக்கு நேர்விகிதம்தான். ஆனால் அது எழுப்பும் ஒலித்திறனோ ஏறத்தாழ வேகத்தின் ஐந்தாம் படியைப் பின்பற்றுகிறது. வேகம் இருமடங்கானால் காற்று இருமடங்கு. ஒலித்திறன் 32 மடங்கு, அதாவது 15 டெசிபல் கூடுதல். இரண்டு பங்கு காற்றுக்கு முப்பத்திரண்டு பங்கு சத்தம் என்பது மோசமான பேரம்! ஆனால் இதையே திருப்பிப் பாருங்கள். வேகத்தைச் சற்றே குறைக்க முடிந்தால், சத்தம் பெருமளவு குறையும். அதைப் பூட்டுப் போட்டுக் குறைக்கக் கூடாது. வெப்பத்துக்கு வழிவிட்டுக் குறைக்க வேண்டும்.

எல்லாச் சத்தமும் ஒன்றன்று. காதைத் தீட்டிக் கேளுங்கள். 'உஸ்ஸ்' என்று ஒரே சீராக வருவது காற்றின் கொந்தளிப்பு. அது வெப்பத்தின் புகார். அதோடு சேர்ந்து 'ஙீ' என்ற ஒரு சுருதி கேட்டால், அது இறக்கைகள் ஒரு விளிம்பை வரிசையாகக் கடக்கும்போது எழுவது. அதன் அதிர்வெண், இறக்கைகளின் எண்ணிக்கையை ஒரு வினாடியில் ஆகும் சுற்றுகளால் பெருக்கினால் வரும். நம் காது 2000 முதல் 5000 ஹெர்ட்ஸ் வரையுள்ள ஒலிகளுக்கே மிகவும் கூர்மையானது. மடிக்கணினி விசிறியின் சுருதி சரியாக அங்கே போய் விழுகிறது, நம் துரதிர்ஷ்டம். இதற்காகவே சில தயாரிப்பாளர்கள் இறக்கைகளைச் சமமற்ற இடைவெளியில் அமைத்து, ஒலியை ஒரே சுருதியில் சேரவிடாமல் சிதறடிக்கிறார்கள்.

'கரகர', 'கடகட' என்ற சத்தம் வேறு சாதி. கணினியைச் சாய்த்துப் பிடித்தால் அந்தச் சத்தம் மாறுகிறதா? அப்படியானால் பழுது தாங்கியில், கடைக்காரர்கள் 'பேரிங்' என்பார்களே, அதில். எண்ணெய் உலர்ந்து அச்சு ஆடத் தொடங்கியிருக்கும். இறக்கையில் ஒரு பக்கமாக ஒட்டிய தூசியும் இதை விரைவுபடுத்தும். பத்து மில்லிகிராம் தூசி, அச்சிலிருந்து 2 சென்டிமீட்டர் தள்ளி, வினாடிக்கு 70 சுற்று. கணக்கிட்டால், அச்சின்மேல் விழும் விசை அத்தூசியின் எடையைப்போல ஏறக்குறைய 400 மடங்கு வருகிறது! தாங்கி தேய்ந்த விசிறிக்குச் சிறந்த மருத்துவம் விசிறியையே மாற்றுவதுதான். சில வகைகளில் தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு விட்டால் சில மாதம் ஓடும். தேங்காய் எண்ணெய் வேண்டாம். 24 டிகிரியில் உறைவது மட்டுமன்று, நாளடைவில் பிசினாகவும் ஆகிவிடும்.

நாங்கள் செய்தது

முதலில் விசிறிக்குப் போட்ட பூட்டை எடுக்கச் சொன்னேன். பிறகு, எந்த நிரல் செயலியை அதிகம் வேலை வாங்குகிறது என்று டாஸ்க் மேனேஜரில் பார்த்தோம். பல கணினிகளில் நோய் இங்கேயே தீர்ந்துவிடும். கண்ணுக்குத் தெரியாமல் பின்னால் ஓடும் ஏதோ ஒன்றை நிறுத்தினால் போதும். இங்கே அப்படி எதுவும் இல்லை.

அடுத்து, மெத்தையிலிருந்து மேசைக்கு மாற்றினோம். காற்று புகும் துளைகள் அடிப்பக்கத்தில்தான் உள்ளன. மெத்தை அவற்றை அப்படியே அடைத்துவிடுகிறது. சத்தம் சிறிது தணிந்தது, போகவில்லை. வெளிக்காற்று வரும் ஓரத்தில் உள்ளங்கையைப் பிடித்துப் பார்த்தேன். விசிறி அலறுகிறது, கையில் படுவதோ குழந்தை ஊதுவதைப்போல ஒரு மெல்லிய காற்று. வழி அடைபட்டிருக்கிறது என்று தெரிந்துவிட்டது. இதற்கு மாறாக, காற்று பலமாக வந்தும் வெதுவெதுப்பாகவே இருந்து, சில்லு மட்டும் கொதித்துக்கொண்டிருந்தால், பசையைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

"சைக்கிள் கடையில காத்தடிச்சுட்டு வந்திடலாமா மாமா?" என்று கேட்டான். நான் சிரித்துவிட்டேன். சில ஆண்டுகளுக்கு முன் என் சொந்தக் கணினிக்கு நானே அதைச் செய்திருக்கிறேன். காற்று பட்டதும் விசிறி விமானம் கிளம்புவதுபோலப் பாடியது. கேட்க இன்பமாகத்தான் இருந்தது. இரண்டு வாரத்தில் தாங்கி கடகடவென்று ஆடத் தொடங்கிவிட்டது. இயற்பியல் கற்பிப்பவன் யோசித்திருக்க வேண்டும்: அந்தச் சிறு மோட்டாரில் காந்தம் சுழலும், கம்பிச்சுருள் நிலையாக நிற்கும். வெளியிலிருந்து வேகமாகச் சுழற்றினால் அது மோட்டாரன்று, மின்னியற்றி. ஃபாரடே விதிப்படி மின்னழுத்தம் உண்டாகி எதிர்த்திசையில் சுற்றுக்குள் புகலாம். போதாததற்கு, அக்கடைக் காற்றில் நீர்த்துளியும் எண்ணெயும் கலந்திருக்கும். வெளியிலிருந்து அடித்தால், தூசி வந்த வழியே திரும்பி விசிறிக்குள்ளேயே போய் விழும் என்பது இன்னொரு சிக்கல்.

ஆகவே திறந்தோம். மின்னேற்றியைக் கழற்றி, கணினியை முழுவதும் அணைத்து, அடிமூடியின் திருகாணிகளைக் கழற்றிய வரிசையிலேயே ஒரு தாளில் வரைந்து அதனதன் இடத்தில் வைத்தான். திறந்ததும் முதல் வேலை, மின்கலத்தைப் பார்ப்பது. அது உப்பியிருந்தால் தொடவே கூடாது. குத்துப்பட்டால் லித்தியம் மின்கலம் தீப்பற்றும். அப்படியே மூடி, தெரிந்தவரிடம் கொண்டுபோக வேண்டும். இது உப்பவில்லை. அதன் இணைப்பைக் கழற்றினோம். உடலில் தேங்கிய நிலைமின்சாரம் சில்லுகளைக் கெடுக்கும் என்பதால், அவ்வப்போது ஜன்னல் கம்பியைத் தொட்டுக்கொண்டோம். நீங்கள் முதல் தடவை செய்யும்போது பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும்.

விசிறி சுத்தமாகத்தான் தெரிந்தது. அதைக் கழற்றியபோதுதான் குற்றவாளி அகப்பட்டது. விசிறிக்கும் தகடுகளுக்கும் இடையே, எட்டு ஆண்டுத் தூசியும் மெத்தைப் பஞ்சும் தலைமுடியும் சேர்ந்து, கம்பளித் துண்டைப்போல ஒரு படலமாக நின்றது. இடுக்கியால் பிடித்து இழுத்தான். ஒரே துண்டாக வந்தது. வெளியிலிருந்து எவ்வளவு பார்த்தாலும் அது தெரிந்திருக்காது. விசிறியைக் குச்சியால் அசையாமல் பிடித்துக்கொண்டு இறக்கைகளைத் தூரிகையால் துடைத்தோம்.

செப்புத் தகட்டை எடுத்தபோது பசை சுண்ணாம்புக் காறையைப்போல உதிர்ந்தது. ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தோய்த்த துணியால் துடைத்து, புதுப் பசையை இரண்டு அரிசி அளவு வைத்தேன். இன்னும் கொஞ்சம் வைக்கலாமே என்றான். கூடாது. செம்பின் கடத்துத்திறன் 400, பசையின் கடத்துத்திறன் 5. பள்ளத்தை நிரப்பினால் அது நண்பன். தடித்த படலமாக நின்றால் அதுவே தடை.

திறப்பதற்கு முன் அவன் ஒரு நல்ல காரியம் செய்திருந்தான். ஒலியின் அதிர்வெண்ணைக் காட்டும் செயலியைக் கைப்பேசியில் இயக்கி, விசிறியின் சுருதியைக் குறித்து வைத்திருந்தான்: 2590 ஹெர்ட்ஸ். திறந்தபின் இறக்கைகளை எண்ணினோம், 37. வகுத்தால் வினாடிக்கு 70 சுற்று, நிமிடத்துக்கு 4200. மூடிய பிறகு, அதே வேலையைக் கொடுத்து இருபது நிமிடம் ஓடவிட்டு மீண்டும் அளந்தான். 1665 ஹெர்ட்ஸ், நிமிடத்துக்கு 2700 சுற்று. ஐந்தாம் படிக் கணக்குப்படி ஏறக்குறைய 10 டெசிபல் குறைவு. காதுக்குச் சத்தம் பாதியாகத் தோன்றும். சில்லின் வெப்பநிலை 96 டிகிரியிலிருந்து 74க்கு இறங்கியிருந்தது. செலவு பசைக்கும் ஆல்கஹாலுக்கும் மட்டும்தான். போன ஆறு வரைபடங்களையும் அன்றிரவே மறுபடி போட்டு முடித்தான். அம்மா எழுந்திருக்கவில்லை.

அளக்கும் பைத்தியம் அவனை விடவில்லை. மறுநாள் கூடத்து மின்விசிறிக்குக் கீழே நின்று கைப்பேசியை நீட்டிக்கொண்டிருந்தான். "இதுல சுருதியே வரலையே மாமா?" மூன்று இறக்கை, நிமிடத்துக்கு 350 சுற்று என்று வைத்துக்கொண்டால், வினாடிக்கு 17.5 அதிர்வு. மனிதச் செவி 20 ஹெர்ட்ஸுக்குக் கீழே கேட்காது. உங்கள் வீட்டு மேசை விசிறிக்கும், சமையலறையில் புகை வெளியேற்றும் விசிறிக்கும் எவ்வளவு வரும்? இறக்கைகளை எண்ணும்போது மின்சாரத்தை நிறுத்திவிட்டு எண்ணுங்கள்.